கரண்ட் வரும் நேரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



2009-ல் மின்னியல் துறையில் சேர்ந்து 2013-ல் வெளியே போனவன் நான். மேடைப் பேச்சு பழக்கமில்லை. சங்கச் செயலாளர் போன் செய்து, "தொழில்நுட்பமும் சமுதாயமும்னு ஏதாவது பேசுப்பா" என்றார். அவ்வளவு பெரிய தலைப்பு எனக்குத் தாங்காது சார், எங்க வீட்டு மீட்டர் பெட்டியைப் பத்திப் பேசட்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, சரி என்றார்.

எங்கள் ஊர் குமாரபாளையம். வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. ஆறு தறி, கூலிக்கு நெசவு. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு மீட்டர் உண்டு. ஒன்று வீட்டுக்கு, மற்றது தறிக்கு. நடுவில் இருப்பது ஒரே சுவர்தான். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டணம், அந்தப் பக்கம் வேறு கட்டணம். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசம் என்று இருந்தது 2016-ல் 750 ஆனது, 2023-ல் 1000 ஆனது. வீட்டுக்கு 2016 முதல் 100 யூனிட் இலவசம். சின்ன வயதில், "தறி லைன்ல இருந்து கிரைண்டருக்கு ஒரு ஒயர் இழுத்துட்டா என்னப்பா?" என்று கேட்டு அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். மின் கட்டண விதிமுறைகளில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான்.

இங்கே இருப்பவர்களில் என் வயதுக்காரர்களுக்கு 2012-ஐ நினைவுபடுத்தத் தேவையில்லை. சென்னையில் இரண்டு மணி நேர மின்வெட்டு. எங்கள் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. விடுதியில் நாம் மெழுகுவர்த்தி வைத்துப் படித்தோம், கொஞ்சம் அதிகமாகவே மொட்டை மாடியில் அரட்டை அடித்தோம். எனக்கு அது ஒரு கொண்டாட்டமாகக்கூட இருந்தது என்று இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போனால் வேறு கதை. ராத்திரி மூணு மணிக்குக் கரண்ட் வரும். தெருவில் யாராவது ஒருத்தர், "வந்துருச்சு!" என்று குரல் கொடுப்பார். அடுத்த நிமிடம் தெரு முழுக்கத் தறிச் சத்தம். கூலிக்கு ஓட்டுகிறவர்கள் பட்டறைத் தரையிலேயே படுத்திருந்து எழுந்து ஓட்டுவார்கள். மீட்டர் கணக்கில் கூலி. தறி நின்றால் காசு இல்லை. ஓடிக் கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்ட் போய்த் திரும்ப ஓட்டினால் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்கும் கூலியில் பிடித்துக் கொள்வார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் அம்மா தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும், மாவு ஆட்ட வேண்டும், தார் போட வேண்டும், இரண்டு தறியையும் பார்க்க வேண்டும். அம்மா எப்போது தூங்கினாள் என்று நான் கேட்டதில்லை.

2011 செப்டம்பரில் அரசு, விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் தெருவுக்கு அவை வந்தபோது, "கிரைண்டர் வந்தது, கரண்ட் போச்சு" என்று ஊரே கேலி பேசியது. நானும் பேசினேன். ஆனால் எங்கள் பட்டறையில் தறி ஓட்டிய ஓர் அக்கா அதுவரை ஆட்டுக்கல்லில் ஆட்டியவர். எட்டு மணி நேரம் நின்றுவிட்டுப் போய் ஆட்டுக்கல் முன் உட்காருவது என்னவென்று அவருக்குத்தான் தெரியும். அவர் அந்தக் கேலியில் சேர்ந்துகொள்ளவில்லை.

அதே ஆண்டில் வகுப்பில் நான் படித்தது 'லோடு கர்வ்'. காலையில் ஒரு மேடு, மாலையில் ஒரு பெரிய மேடு. அழகாக வரைந்து பதினாறுக்குப் பதினைந்து மார்க் வாங்கினேன். பற்றாக்குறைக்கான காரணங்களையும் படித்தோம். தேவை ஏறிய அளவுக்கு உற்பத்தி ஏறவில்லை; காற்றாலை சீசன் முடிந்தால் கை விரிக்கும்; வடக்கே மின்சாரம் இருந்தாலும் இங்கே கொண்டுவரப் போதுமான பாதை இல்லை. தென் மண்டலத் தொகுப்பு அப்போது நாட்டின் மற்ற தொகுப்போடு ஒரே துடிப்பில் இணைந்திருக்கவில்லை. ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக இணைந்தது 2013 டிசம்பர் 31-ல்தான். ஒரு வேடிக்கையும் உண்டு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் சாய்ந்தபோது நாம் தப்பித்தோம். தப்பித்ததற்குக் காரணம் அதே இணையாமைதான். விடுதி டி.வி. முன் நின்று கைதட்டினோம். பத்து நிமிடத்தில் நமக்கும் வழக்கமான கட் வந்துவிட்டது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மாலை மேட்டுக்கு அடியில் யார் நின்று கொண்டிருக்கிறார்கள் என்று எந்தத் தேர்விலும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மின்வெட்டு ஒருவழியாகத் தீர்ந்தது. அடுத்து வீட்டில் ஒரு நோட்டு முளைத்தது. நாற்பது பக்க நோட்டு. தினமும் சாயங்காலம் அம்மா மீட்டரைப் பார்த்து எழுதி வைப்பாள். ஏன் என்று கேட்டால், "ஐநூறு தாண்டிடக் கூடாது கண்ணு" என்பாள்.

இளைய மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 2022 செப்டம்பர் 10-ல் கட்டணம் மாறுவதற்கு முன்பு இருந்த கணக்கு இது. இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் நிலைக்கட்டணம் சேர்த்து 1,130 ரூபாய். 501 ஆனால் 1,786 ரூபாய். கூடுதலாக ஓடிய அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறியிருந்தால் பரவாயில்லை. 101-வது யூனிட்டில் இருந்தே விலை ஏறும். ஒரே ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய்! அதிகம் செலவழிப்பவர் அதிகம் கட்டட்டும் என்ற நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் படிக்கட்டு கட்ட வேண்டிய இடத்தில் சுவர் கட்டிவிட்டார்கள். இப்போதைய அட்டவணையில் அந்தச் சுவரின் உயரம் குறைந்திருக்கிறது.

ஒரு கோடையில் 56-ம் நாள் எங்கள் நோட்டில் 489 என்று இருந்தது. மீதி நாட்களுக்கு ஃப்ரிட்ஜ் நிறுத்தம், டி.வி. நிறுத்தம். அப்பத்தாவுக்கு அப்போது எண்பது வயதிருக்கும். ராத்திரி அவரே எழுந்து ஃபேனை நிறுத்திவிட்டு, "எனக்குக் குளிருது" என்று சொல்லிப் படுத்துக் கொண்டார். மே மாதத்தில்! நடுவில் விடுமுறை வந்ததால் ரீடிங் எடுப்பவர் இரண்டு நாள் தள்ளித்தான் வந்தார். 503. பில் 1,800 ரூபாய். அன்றைக்கு அம்மா அழுதாள். எண்ணூறு ரூபாய்ச் சேலை கிழிந்தபோதுகூட அழாதவள்.

என்னால் அந்த இடைவெளியைத் தந்திருக்க முடியும். அப்போது நான் பெங்களூரில் சம்பளம் வாங்குகிறேன். 'நான் கட்டறேன்மா, ஃபேனைப் போடுங்க' என்று சொல்லத் தோன்றவில்லை. வீட்டில் இப்படி ஒரு போர் நடக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். ஸ்மார்ட் மீட்டர் தரவுகளை வைத்து மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். 2023 ஜூனில் மத்திய அரசு நுகர்வோர் விதிகளைத் திருத்தியது. விவசாயம் தவிர மற்ற நுகர்வோருக்கு, ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பின், நேரத்துக்கு ஒரு விலை. வெயில் நேரத்தில் சாதாரண விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் மலிவு. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். சூரிய மின்சாரம் பகலில் வழிகிறது, சாயங்காலம் இல்லை. ஆகவே இந்த ஏற்பாட்டின் பொறியியல் நியாயம் சரிதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதற்காக வீட்டுச் சாதனங்களை இரண்டாகப் பிரிக்கும் பணி என்னிடம் வந்தது. நேரம் மாற்றக் கூடியவை, மாற்ற முடியாதவை. தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் மூன்றையும் யோசிக்காமல் முதல் பட்டியலில் போட்டேன். உச்ச நேரத்தில் அவை ஓடினால் கைபேசியில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வரும். சிவப்பு நிறம் என் யோசனை. அலுவலகத்தில் பாராட்டும் கிடைத்தது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, பெருமையாக அம்மாவிடம் விளக்கி, "கிரைண்டரை மத்தியானம் ஓட்டினா மலிவும்மா" என்றேன்.

"மத்தியானம் தறியில நிக்கிறேன். ராத்திரி பத்துக்கு மேல ஆட்டினா காலையில மாவு பொங்காது. நாலு மணிக்கு எந்திரிச்சு ஆட்டணுமா? சரி, அப்படியே பண்ணிக்கலாம் சாமி."

அந்தச் 'சரி'தான் என்னைத் தூங்க விடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேசை கிரைண்டர் 150 வாட். நாற்பது நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். அதற்குப் பத்து சதவீதம் கூடுதல் என்பது சில பைசா. அந்தச் சில பைசாவுக்காக என் சிவப்பு எழுத்தைப் பார்த்து, அறுபது வயதில் ஒரு பெண்மணி நாலு மணிக்கு எழுந்திருக்கத் தயாராகிவிட்டாள். ஐநூறு யூனிட் சுவர் அவளுக்கு அப்படிப் பழக்கியிருக்கிறது. ஏசி, ஹீட்டர் வைத்திருப்பவர் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, கைபேசியைத் திருப்பி வைத்துவிடுவார்.

திரும்பிப் போய், சிவப்பை எடுத்துவிடலாம், அதற்குப் பதில் எத்தனை ரூபாய், எத்தனை பைசா என்று காட்டலாம் என்றேன். கிரைண்டரைப் பட்டியலில் இருந்தே நீக்கச் சொன்னேன். ரூபாய் காட்டுவதற்கு ஒப்புக்கொண்டார்கள். கிரைண்டர் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. அதற்காக நான் இன்னும் மெயில் எழுதிக் கொண்டிருக்கிறேன்.

இறுதியாண்டு மாணவர்களிடம் ஒரு கோரிக்கை. புராஜெக்டுக்கு ரெடிமேட் 'கிட்' வாங்காதீர்கள். உங்கள் தெருவில் பத்து வீடு எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டு மாதம் எந்தச் சுவிட்சை எத்தனை மணிக்கு, யார், எதற்காகப் போட்டார்கள் என்று எழுதுங்கள். மீட்டர் முதல் மூன்றில் இரண்டைத்தான் சொல்லும். 'யார்', 'எதற்காக' என்பதை நீங்கள்தான் கேட்டு எழுத வேண்டும். துறைத் தலைவர் அனுமதித்தால், மாதம் ஒரு சனிக்கிழமை வந்து கூட உட்கார நான் தயார்.

அம்மாவின் நோட்டுகள் மூன்றைக் கொண்டு வந்திருக்கிறேன். கொடுக்கும்போது, "தொலைச்சுப் போடாத, இந்த மாசக் கணக்கு அதுலதான் இருக்கு" என்றாள். சாப்பாடு முடிந்ததும் இயந்திரக் கூடத்துக்கு முன்னால் இருப்பேன். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். கையில் எண்ணெய் இல்லாமல் வாருங்கள்.