லாரி வீடு திரும்பும் நாளில்

நாமக்கல்லில் லாரி எடுக்கும் முன் டிரைவர் டயரைத் தட்டிப் பார்ப்பார். காற்று குறைந்திருந்தால் ஓசையே சொல்லிவிடும். ரத்த அழுத்தத்துக்கு அப்படி ஓசை கிடையாது. தலைவலிகூட இல்லாமல் பல ஆண்டுகள் கூடி நிற்கும்.

வயதானால் பிரஷர் ஏறுவது இயல்புதான் என்று டாக்டர்களே நம்பிய காலம் உண்டு. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஊரில் 1948-ல் தொடங்கி 5,209 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்த பிறகுதான், அது மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவிடுகிறது என்பது உறுதியானது.

எடைக்கு இதில் என்ன வேலை? வயிற்றில் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தை உப்பைத் தேக்கவைக்கிறது. உப்போடு நீரும் தங்கி, பிரஷர் ஏறுகிறது. இதயம் கூடுதல் விசையோடு ரத்தத்தைத் தள்ளித் தள்ளி அதன் சுவர் தடிக்கிறது. கைகால் ஒல்லியாக, தொப்பை மட்டும் இருந்தாலும் நம்மவர்களுக்கு ஆபத்துதான். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டக்கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் நம் டிரைவர் மகாராஷ்டிராவில் இருப்பார்! எனக்கு இதுதான் பெரும் கவலை. தாய்மார்களே, வண்டி ஊர் திரும்பியதும் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பிரஷர் 140-க்கு 90-ஐ எட்டினால் டாக்டர் மறுபடியும் அளந்து முடிவு செய்வார். மாத்திரை எழுதித் தந்தால், அடுத்த டிரிப் முடியும்வரை போதுமானதை அவர் பையில் வையுங்கள்.