விழா எடுக்கட்டும், கூலியையும் கொடுக்கட்டும்!



பெரிய விளையாட்டு விழா ஒன்றை நடத்தினால் வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிகள் வந்து குவிவார்கள், அவர்கள் கொண்டுவரும் பணத்தால் ஓட்டலும் டாக்ஸியும் கைத்தொழிலும் செழிக்கும், நாடே முன்னேறும் என்று சொல்கிறார்கள். 2030-ம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் அகமதாபாத்தில் நடக்கும் என்று 2025 நவம்பரில் முடிவாகிவிட்டது. ஆகவே இந்தப் பேச்சு இனி நாள்தோறும் நம் காதில் விழும். இதைப் பற்றி நாமும் தெளிவாகச் சிந்தித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

விழாவுக்கு நாம் விரோதிகள் அல்ல. ஊரில் திருவிழா என்றால் வளையல் வியாபாரி முதல் வண்டிக்காரர் வரை நாலு காசு பார்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா? நாம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். விழா முடிந்த பிறகு ஊருக்கு என்ன மிச்சம்? விழாவுக்காகக் கல் சுமந்தவர்களுக்கு என்ன மிச்சம்?

முதல் கேள்விக்கு வருவோம். ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் 1992-ல் ஒலிம்பிக் நடந்தது. அந்த விழாவைக் காரணமாக வைத்து, நகரத்துக்கு நெடுநாளாகத் தேவைப்பட்ட வேலைகளைச் செய்து முடித்தார்கள். கடலை மறித்துக் கிடந்த ரயில் பாதையை அகற்றினார்கள். பழைய ஆலைகள் இருந்த இடத்தில் வீடுகள் கட்டினார்கள். கடற்கரையை ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1990-ல் அங்கே ஓட்டல்களில் தங்கிய பிரயாணிகள் சுமார் 17 லட்சம் பேர். 2000-ல் 31 லட்சம் பேர். பந்தயம் இரண்டு வாரத்தில் முடிந்தது. சாலையும் கடற்கரையும் நின்றன. அவற்றை நாடித்தான் ஜனங்கள் வந்தார்கள்.

கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் 1976-ல் ஒலிம்பிக் நடந்தது. ஆண்பிள்ளை கர்ப்பம் தரித்தாலும் தரிப்பான், ஒலிம்பிக்கில் நஷ்டம் வராது என்று அந்நகர மேயர் ழான் திராப்போ அடித்துச் சொன்னார். வந்ததோ மலைபோன்ற கடன். அதை அடைக்கப் புகையிலை மீது தனி வரி போட்டார்கள். 2006-ல்தான் கடன் தீர்ந்தது. முப்பது வருஷம்! அந்தப் பந்தயத்தை ஒரு நாளும் பார்த்திராதவரும் சிகரெட் வாங்கும்போதெல்லாம் அதற்குக் காசு கட்டினார்.

பார்சிலோனாவிலும் எல்லாம் நலமாக முடிந்துவிடவில்லை. பிரயாணிகள் பெருகப் பெருக, வீட்டுச் சொந்தக்காரர்கள் குடித்தனக்காரருக்கு விடாமல் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். வாடகை ஏறியது. 2024-ல் ஜனங்கள் வீதியில் இறங்கிக் கண்டனம் முழங்கினார்கள். பிரயாணிகளுக்கு விடப்படும் சுமார் 10,000 வீடுகளின் லைசென்சுகளை 2028-க்குள் ரத்து செய்யப்போவதாக நகரசபை அறிவித்தது. பிரயாணி வந்தால் மட்டும் போதாது. அவர் வரவால் உள்ளூர்த் தொழிலாளி குடியிருப்பை இழக்கக் கூடாது என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

இனி இரண்டாவது கேள்வி. இதற்கு விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை, தில்லியே போதும்.

1982 நவம்பரில் அங்கே ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. ஸ்டேடியங்களும் மேம்பாலங்களும் அவசர அவசரமாக எழும்பின. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா முதலிய இடங்களிலிருந்து ஏழை ஜனங்களை ஜமேதார்கள் அழைத்து வந்தார்கள். ஜமேதார் என்றால் வேறு யாருமல்ல, நம் பக்கத்து மேஸ்திரி மாதிரிதான். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு ஒன்பதே கால் ரூபாய். அதில் தலைக்கு ஒரு ரூபாயை ஜமேதார் கமிஷனாகப் பிடித்துக்கொள்ள, தொழிலாளிக்குக் கிடைத்தது எட்டே கால். பெண்களுக்கு ஏழு ரூபாய்தான் என்று புகார் எழுந்தது.

ஒரு ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். ஆயிரம் பேர் வேலை செய்தால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய். இருபத்தாறு வேலை நாளில் 26,000 ரூபாய். வியர்வை சிந்தாமல் கிடைத்த வரும்படி!

மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கத்தினர் நேரில் விசாரித்து சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அதையே மனுவாக ஏற்றுக்கொண்டது கோர்ட். 1982 செப்டம்பர் 18-ல் நீதிபதி பகவதி தீர்ப்பு வாசித்தார். பசிக்கொடுமையால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் உழைத்தால் அதுவும் பலவந்த உழைப்புத்தான். அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு அதைத் தடை செய்கிறது என்றது தீர்ப்பு. காண்டிராக்டரைக் கைகாட்டிவிட்டு சர்க்கார் தப்பித்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னது. மகத்தான தீர்ப்பு. ஆனால் விழா தொடங்க அப்போது இரண்டே மாதம்தான் இருந்தது!

அதற்குப் பிறகாவது நிலைமை மாறியதா? 2010-ல் அதே தில்லியில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தன. அதே சங்கம் மீண்டும் கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது. ஹைகோர்ட் அமைத்த குழு வேலைத்தலங்களைப் பார்த்துவிட்டு, குறைந்தபட்சக் கூலி கொடுக்கப்படவில்லை, தங்குமிடம் மோசம் என்று அறிக்கை கொடுத்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்தும் அதே கதை!

தோழர்களே, சட்டம் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. கல் நடும் நாளிலேயே அவற்றைக் கையில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். கூலி மேஸ்திரி கைக்குப் போகாமல் நேரே தொழிலாளிக்குச் சேர வேண்டும். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி கொடுக்க வேண்டும். செலவுக் கணக்கு ஊரறிய வெளியாக வேண்டும். விழாவுக்காகக் கட்டுவதெல்லாம் விழாவுக்குப் பின் யாருக்குப் பயன்படும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பந்தல் பிரித்த பிறகு கூலி கேட்டுப் பயனில்லை. பந்தக்கால் நடும்போதே கேட்போம்!