பஞ்சகச்சத்துக்கு உள்ளே என்ன போடணும்?

பரதம் ஆடுற தம்பிகளுக்குன்னே இன்னிக்குப் பேசப் போறேன். சலங்கை எங்கே வாங்கணும், பஞ்சகச்சம் யார்கிட்ட தைக்கக் கொடுக்கணும்னு சொல்லித் தர ஆள் இருக்காங்க. உள்ளே என்ன போடணும்னு மட்டும் யாரும் வாயே திறக்கிறதில்ல. எல்லாம் கூச்சம்தான். அதுல அவதிப்படுறது நீங்க.

அரைமண்டியில உட்காரும்போது தொடை ரெண்டும் பக்கவாட்டுல விரியுது. சாதாரண ஜட்டியா இருந்தா, கால் எலாஸ்டிக் தொடை இடுக்குல ஏறி அறுக்கும். பாக்ஸர்னா துணி சுருண்டு, பட்டுக்கு மேலயே மடிப்பு தெரியும். குதிச்சு இறங்குற அடவுல தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லைன்னா விதைப்பை இழுபட்டு வலிக்கும். ரெண்டு ஜட்டி போட்டுக்கோன்னு சிலர் சொல்வாங்க. கேக்காதீங்க, சூடும் வியர்வையும்தான் கூடும்.

பாலே ஆடுறவங்க இதுக்குன்னே டான்ஸ் பெல்ட் போடுறாங்க. முன்னால கெட்டியான துணி, இடுப்புல அகலமான எலாஸ்டிக், பின்னால ஒல்லியா ஒரு பட்டை. உறுப்பு மேல்நோக்கி இருக்கிற மாதிரி வச்சுப் போடணும். கீழ்நோக்கி இருந்தா தொடைக்கு நடுவுல நசுங்கும். நம்ம ஊர் ஸ்போர்ட்ஸ் கடையில சப்போர்ட்டர் கிடைக்கும், அதுவும் போதும். எனக்கு ரொம்பப் பிடிச்சது பருத்தி லங்கோடுதான். வியர்வையை உறிஞ்சும், இறுக்கம் உங்க கையில இருக்கும். ஆனா முடிச்சை இடுப்புக்குப் பக்கவாட்டுல தட்டையா போடுங்க. நடு முதுகுலயோ வயித்துலயோ போட்டா, மேல கட்டுற ஒட்டியாணம் அழுத்தி, மார்க்கம் முடியறதுக்குள்ள தோல் கன்னிப் போயிடும்.

வாங்கும்போது இடுப்பை டேப் வச்சு அளந்துக்குங்க. போகப் போகத் தளர்ந்துடும்னு சின்ன சைஸ் எடுக்காதீங்க. போட்டுட்டு முழுமண்டி வரைக்கும் உட்கார்ந்து எழுந்திருங்க. மரத்துப் போனாலோ குத்தினாலோ அது உங்களுக்கானது இல்ல. வெள்ளை நிறம் மெல்லிசான பட்டுல மேடை வெளிச்சத்துக்குத் தெரியும், தோல் நிறத்துல எடுங்க. அரங்கேற்றத்தன்னிக்குப் புதுசா போடவே வேண்டாம், ஒத்திகையிலேயே பழகிடுங்க.

ஆடி முடிச்சதும் உடனே கழட்டிடணும். ஈரத்தோட உட்கார்ந்து அரட்டை அடிச்சா படர்தாமரை வரலாம். ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் போடக் கூடாது, அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி. தினமும் துவைச்சு, நல்லாக் காயவச்சுப் போடுங்க. எலாஸ்டிக் தொளதொளன்னு ஆச்சுன்னா மாத்திடுங்க.

குடலிறக்கம் இருக்கிறவங்க சப்போர்ட்டர் போட்டா சரியாயிடும்னு நம்பி ஆடாதீங்க, டாக்டரைப் பாருங்க. விதையில திடீர்னு தாங்க முடியாத வலி வந்தா, அது முறுக்கிக்கிட்டதா இருக்கலாம். சில மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி போனாத்தான் விதையைக் காப்பாத்த முடியும். நிகழ்ச்சி பாதியில இருந்தாலும் நிறுத்திட்டுக் கிளம்புங்க, வாத்தியார்கிட்ட சொல்றதுக்கு வெட்கப்படாதீங்க.