எல்லைக்கல் காவாத மொழி

(பசுவந்தனையில் கூடிய தமிழன்பர் அவையில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



‘வல்லரசுகளிடைப் பட்ட சிறுநிலம்’ என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. இதனைக் கேட்ட அளவில் உலக வரலாறு கற்றார் நெஞ்சில் ஐரோப்பாவின் அல்சாசு என்னும் நிலப்பகுதி தோன்றும். எனக்கோ நம் கரிசற்காட்டிற்குத் தென்மேற்கே, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பாலுள்ள தென்குமரி மண்ணே முதற்கண் தோன்றுகின்றது. இவ் விரண்டனையும் ஒருங்குவைத்து நோக்கினால், நமக்கு வேண்டுவதொரு பாடம் கிடைக்கும்.

அல்சாசு, பிரான்சுக்கும் செருமனிக்கும் இடையே, இரைன் ஆற்றின் மேலைக் கரையிற் கிடக்கும் நிலம். ஆங்கு வாழ்ந்த மக்களுள் மிகப் பலர் பேசியது செருமானியக் கிளைமொழி. 1648-இல் ஏற்பட்ட வெசுட்பேலிய உடன்படிக்கையால் அந்நிலத்தின் மீதான உரிமைகள் பலவும் பிரெஞ்சு மன்னன் கைக்கு வந்தன. 1681-இல் இசுட்ராசுபர்க்கு நகரையும் பதினான்காம் உலூயி கைப்பற்றினான். 1871-இல் செருமனி அதனைப் பறித்தது. 1918-இல் பிரான்சு மீட்டது. 1940-இல் இட்லர் விழுங்கினான். 1945-இல் போர் முடிந்தபோது அது மீண்டும் பிரான்சின் கையில் இருந்தது. 1865-இல் பிறந்து எண்பதாண்டு வாழ்ந்த அல்சாசு உழவன் ஒருவன், தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே நான்குமுறை நாடு மாறினான் என்றால், அம் மக்கள் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள்! ஒவ்வொரு மாற்றத்தின் போதும் வென்றவர் முதலிற் கைவைத்த இடம் பள்ளிக்கூடம். இதனை நினைவிற் கொள்ளுங்கள், பின்னர் வருவேன்.

இனி நம் தென்குமரிக்கு வருவோம். நாஞ்சில் என்பது கலப்பைக்குப் பெயர். உழவால் பெயர்பெற்ற அந் நாட்டைப் புறநானூறு பாடுகின்றது. சிறிது அரிசி வேண்டிச் சென்றார்க்கு யானையையே ஈந்தான் நாஞ்சிற் பொருநன் என்று ஔவையார் நகையும் வியப்பும் தோன்றப் பாடியதும் அம்மண்ணின் தலைவனையே. தொல்காப்பியம் அரங்கேறிய அவையில் வீற்றிருந்து வினாவிய அதங்கோட்டாசானின் ஊர் விளவங்கோட்டு வட்டத்து அதங்கோடே என்பது அறிஞர் பலர் கொள்கை. அந்நூலின் பாயிரம் தமிழகத்தின் தென்னெல்லையாகக் குமரியையே சுட்டுகின்றது.

இத்துணைப் பழமை வாய்ந்த தமிழ்நிலத்தை வரலாறு அமைதியாக இருக்கவிடவில்லை. ஆய் மன்னர் ஆண்ட அந் நிலத்திற்காகப் பாண்டியரும் சேரரும் பொருதனர். இராசராசன் காலத்தில் சோழர் புகுந்தனர். கோட்டாறு மும்முடிச் சோழநல்லூர் ஆயிற்று. பின்னர் வேணாட்டரசர் மேற்கிலிருந்தும், மதுரை நாயக்கர் படை ஆரல்வாய்மொழி வழியே கிழக்கிலிருந்தும் அந்நாட்டை இழுத்தனர். நாஞ்சில் விளைத்த நெல்லின்மேல் இருபாலார்க்கும் கண். கோலோச்சியவன் யாராயினும் வரிகொடுத்தவன் உழவனே. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டார் ஊர்தோறும் கூடிக் கொடுவரியை எதிர்த்து நின்றமை வரலாற்றில் பதிவாகியுள்ளது.

மார்த்தாண்டவர்மன் 1741-இல் குளச்சலில் ஒல்லாந்தரை வென்று திருவிதாங்கூரைப் பேரரசாக்கினான். அவன் கோநகராகிய பதுமநாபபுரம் கல்குளம் வட்டத்துத் தமிழ்மண்ணில் உள்ளது. ஆயினும் அவ்வரசு வளர வளர, அரசவையின் மொழி மலையாளமாயிற்று. தமிழன் தன் மண்ணிலேயே விண்ணப்பம் எழுதப் பிறர் கையை நாடி நிற்கும் நிலை வந்தது. 1809-இல் ஆங்கிலேயர் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையை உடைத்து உட்புகுந்தபின், மேலே வெள்ளையர், கீழே திருவிதாங்கூர் அரசு, அதன் கீழே சாதிக் கட்டு என மூன்று பளுவையும் மக்கள் சுமந்தனர். பெண்டிர் மார்பை மறைத்தலும் குற்றமெனத் தண்டித்த கொடுமை 1859-ஆம் ஆண்டு அறிவிப்பு வரையிலும் ஓயவில்லை. அவ்விருளில், சாமித்தோப்பில் தமிழ்மொழியாலேயே மக்களை நிமிரச் செய்தவர் வைகுண்டர் என்பதை மறத்தல் ஆகாது.

பண்பாட்டாலும் அது இரண்டு பட்ட நாடே. நாஞ்சில் வேளாளரிடை மேலைக் கடற்கரை வழக்கமாகிய மருமக்கள்வழி வேரூன்றியது. தந்தை தேடிய பொருள் மக்களுக்குச் சேராமல் மருமக்களுக்குச் சென்ற அவலத்தைத் தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகனார் மான்மியமாகப் பாடினார். ஆயினும் பேச்சிலும் பாட்டிலும் வழிபாட்டிலும் ஓடியது தமிழே. எல்லைக்கோடு வாழ்வைப் பிரிக்க வல்லதன்று என்பதற்கு நம் பக்கத்தூரே சான்று. திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த செங்கோட்டையிற் பிறந்த வாஞ்சிநாதன், 1911-ஆம் ஆண்டு சூன் 17-இல் ஆசுத்துரையைச் சுட்டது எங்கே? நமக்கு அண்மையிலுள்ள மணியாச்சித் தொடர்வண்டி நிலையத்திலன்றோ! இன்றும் நெல்லைச் சீமையில் பெரியோர் ஓலையிலும் ஆவணத்திலும் கொல்லம் ஆண்டு காண்கிறீர்கள். எல்லைக்கு இருபுறத்தும் நாட்கணக்கும் கொள்வினையும் கொடுப்பினையும் ஒன்றாகவே இருந்தன.

இனிப் போராட்டம். 1945-ஆம் ஆண்டு இறுதியில் நாகர்கோவிலில் தமிழர் கூடி அமைப்பொன்று கண்டனர். அதுவே 1946-இல் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு என்னும் பெயர் பெற்றது. நத்தானியல், பி. எசு. மணி முதலியோர் தொடங்கிய அப்பணியை மார்சல் நேசமணி பேரியக்கமாக்கினார். 1948-இல் மங்காட்டுத் தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையனும் குண்டுக்கு இரையாயினர். 1954-இல் தேவிகுளம், பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் மீது அடக்குமுறை பாய்ந்தது. அதற்கு மறுமொழியாக அவ்வாண்டு ஆகத்து 11-ஆம் நாளை விடுதலை நாளாகக் கொண்டாடிய மக்கள்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் சுட்டனர். அப்பொழுது முதலமைச்சராக இருந்தவர் பட்டம் தாணுப்பிள்ளை. அவரது கட்சியின் பொதுச்செயலாளர் இலோகியாவே, மக்களைச் சுட்ட அமைச்சரவை பதவி விலகவேண்டும் என்றார். வடநாட்டிற் பிறந்த ஒருவர், தம் கட்சி ஆட்சி கவிழ்ந்தாலும் கவிழ்க என்று சொன்ன அச்சொல் போற்றத்தக்கது.

1953-இல் அமைக்கப்பட்ட மாநிலச் சீரமைப்பு ஆணையம், 1955 செப்தம்பரில் அறிக்கை அளித்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் தமிழகத்திற்கு எனவும், தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் ஆகியவை தமிழகத்திற்கு இல்லை எனவும் அது கூறியது. 1956 நவம்பர் 1-இல் குமரி நம்மோடு இணைந்தது. செங்கோட்டை வட்டமும் முழுதாக வரவில்லை. அதன் மேலை மலைப்பகுதி கேரளத்திலேயே நின்றது. அந்நாளுக்கு 19 நாள் முன்னர்த்தான், நம் அண்டை விருதுநகரில் தமிழ்நாடு என்னும் பெயர் முதலான கோரிக்கைகளுக்காக உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் உயிர்துறந்தார். வடக்கே திருத்தணி 1960-இல் மீண்டது.

பெற்றதும் இழந்ததும் இன்றளவும் நம்மைத் தொடர்கின்றன. பதுமநாபபுரம் அரண்மனை குமரி மாவட்டத்தில் இருந்தும் அதனை ஆள்வது கேரள அரசின் தொல்லியல் துறை. முல்லைப் பெரியாற்று அணையோ 1895-இல் கட்டிமுடிக்கப்பட்டு, பீர்மேட்டு மண்ணில் நின்று, தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுர வயல்களை நனைக்கின்றது. 142 அடி நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-லும் 2014-லும் தீர்ப்பளித்த பின்னும் பூசல் ஓயவில்லை. எல்லை வகுக்கும் நாளில் விழிப்பின்றி இருந்தால், அதன் விலையைப் பேரப்பிள்ளைகள் கொடுப்பர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அன்பர்களே, இதுகாறும் சொன்னவை நீங்கள் ஓரளவு அறிந்தவையே. இனிச் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள்.

அல்சாசைக் களமாகக் கொண்டு தோதே என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1873-இல் வெளிவந்த தம் நூலில் ‘கடைசிப் பாடம்’ என்னும் சிறுகதையை எழுதினார். நம் நாட்டுப் பாடநூலிலும் அஃது இடம்பெற்றுள்ளது. செருமானியர் ஆணையால் பிரெஞ்சுப் பாடம் நிறுத்தப்படுகின்ற நாளில், ஆசிரியரும் மாணவரும் ஊராரும் கலங்குகின்றனர். தாய்மொழிப் பற்றுக்கு எடுத்துக்காட்டென நம் மேடைகளிலும் அக்கதை பேசப்படுகின்றது. ஆனால் உண்மை என்ன? அவ்வகுப்பில் இருந்த அல்சாசுச் சிறுவர் போன்றார் வீட்டிலே தாயிடம் பேசிய மொழி பிரெஞ்சன்று, செருமானியக் கிளைமொழியே! ஓர் ஆட்சிமொழி போய் மற்றோர் ஆட்சிமொழி வந்ததற்குத்தான் அக்கண்ணீர். தாயின் மொழிக்கு அக்கதையில் இடமே இல்லை. இதனை நாம் உணர்ந்து படித்தல் வேண்டும்.

அத் தாய்மொழியின் பின்கதை இன்னும் துன்பமானது. இட்லரின் படையாட்சி பிரெஞ்சைத் தடைசெய்தது. ஆயினும் பிரெஞ்சு அழியவில்லை. 1945-க்குப் பின் நிகழ்ந்ததோ வேறு. தொடக்கப் பள்ளியிலிருந்து செருமன் விலக்கப்பட்டது. பிரெஞ்சு பேசுவதே மேன்மை என்று சுவரொட்டிகள் சொல்லின. பெற்றோர் நம்பினர், வீட்டிலும் பிள்ளைகளிடம் தம் மொழியைக் குறைத்தனர். இன்று அல்சாசுப் பேச்சை இயல்பாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியோரே. இருமொழி வகுப்புகள் வைத்து இப்பொழுது மீட்க முயல்கின்றனர். படை செய்யமாட்டாததைப் பள்ளியும் பெற்றோரின் நாணமும் செய்து முடித்தன!

இதைத்தான் நான் அஞ்சுகின்றேன். குமரித் தமிழர் குண்டடி பட்டது, தம் பிள்ளை தமிழிற் கற்கவும், தம் விண்ணப்பம் தமிழில் ஏற்கப்படவும் வேண்டுமென்று. அவ்வுரிமை முழுமையாக வாய்த்த நாம் என்ன செய்கின்றோம்? 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் பாடமாக்கியது, நன்று. ஆனால் தமிழ் ஒரு பாடமாக ஒடுங்க, ஏனைய அறிவெல்லாம் ஆங்கிலத்தின் வழியே ஊட்டப்படுகின்றது. அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழி வகுப்புகள் 2012-க்குப் பின் பெருகின. மானாவாரி நிலத்தில் உளுந்தும் மிளகாயும் விளைத்து, கடன்பட்டுக் கட்டணம் கட்டும் நம் கரிசல் உழவனை நான் பழிக்கமாட்டேன். தமிழிற் படித்தால் வேலையில்லை என்னும் நிலையை உண்டாக்கியவர்களையே பழிக்கின்றேன். ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பிப்பது வேறு. அறிவுக்கு வாயிலாக அதனையே வைத்துப் பிள்ளையின் வாயைப் பூட்டுவது வேறு. இவ்விரண்டையும் குழப்புவோரிடம் விழிப்பாக இருங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் கரிசல் மண்ணிலும் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உள்ளன. அவர்கள் அயலாரல்லர்; நம்மோடு ஏர் பூட்டியவர், நம்மோடு மழைக்கு ஏங்கியவர். இடைச்செவல் கி. இராசநாராயணனார் அத்தகைய இல்லத்திற் பிறந்தவரே. அவர் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி, நம் உழவர் வாயில் வாழும் தூய தமிழ்ச்சொற்களை அழியாமற் காத்துத் தந்தது. அவ்வாறே குமரியின் மேலைப் பகுதியில் மலையாளம் பேசுவோர் இன்றும் உள்ளனர். மலையாளவழிப் பள்ளிகளும் உள்ளன. நமக்கு மறுக்கப்பட்டதை நாம் பிறர்க்கு மறுப்போமாயின், புதுக்கடையில் விழுந்தவர் குருதிக்கு இழுக்கு. தேவிகுளத்துத் தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்ப்பள்ளி கேட்கும் வாய், விளவங்கோட்டு மலையாளக் குழந்தைக்கும் அதனையே கேட்கவேண்டும். தமிழ்த்தேசியம் என்பது தன் தாயைப் போற்றுவது. பிறன் தாயைப் பழிப்பதன்று.

எனவே, இவ்வவையில் நான் வேண்டுவன மூன்று. முதலாவது, தொடக்கக் கல்வியேனும் தமிழ்வழியில் அமைதல் வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியின் தமிழ்வழி வகுப்பு பிள்ளைகள் இன்றி மூடப்படாமல் நீங்களே காத்தல் வேண்டும். இரண்டாவது, ஊராட்சி மன்றத்திலும் கூட்டுறவுக் கடன் நிறுவனத்திலும் வங்கியிலும் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். தமிழிலேயே மறுமொழி கேளுங்கள். மூன்றாவது, உங்கள் பாட்டியர் வாயில் உள்ள மண், மழை, மாடு, பயிர் பற்றிய சொற்களை மாணவர் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். அச்சொல் அவரோடு போனால் எந்த ஆணையமும் அதனை மீட்டுத் தராது.

எல்லையை நேசமணியும் அவர்தம் தோழரும் மீட்டனர். அவ்வெல்லைக்குள் வாழும் மொழியை மீட்கும் பொறுப்பு நம்முடையது. எல்லைக்கல் நிலத்தைக் காக்கும். நாவே மொழியைக் காக்கும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் ஒற்றுமை!