உம்மா கேட்ட இசைத்தட்டு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





நூற்றாண்டு விழா மேடையில் நான் கல்வியைப் பற்றிப் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் சங்கச் செயலாளர், "உங்கட பழைய றெக்கோட் தேடுற கதையைச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசுகிறேன்.

பாட்டுக் கேட்பது பற்றி நம்மிடையே வேறு வேறு கருத்துகள் உண்டு. அந்த வாதத்துக்கு நான் வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இங்கே இருக்கும் பிள்ளைகளில் பலர் இசைத்தட்டைக் கையில் தொட்டிருக்க மாட்டீர்கள். முதலில் வந்தவை நிமிடத்துக்கு 78 தரம் சுழலும் தட்டுகள். அரக்குச் சேர்த்துச் செய்தவை. பக்கத்துக்கு மூன்று நிமிடமளவில்தான் பாடும். கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடைந்துவிடும். 1948இல் அமெரிக்காவில் வைனலில் செய்த நீண்டநேரத் தட்டு வந்தது. அடுத்த வருடம் 45 சுழற்சிச் சிறிய தட்டு வந்தது. எங்கள் வீட்டில் இருந்தவை இந்தச் சிறிய தட்டுகள்தான். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம் என்ற இடத்துத் தொழிற்சாலையில் செய்தவை. அந்தப் பெயரை லேபலில் எழுத்துக்கூட்டி வாசித்துச் சிரிப்போம்.

அந்தக் காலத்தில் நம் ஊருக்குப் பாட்டு வந்த பெரிய வாசல் இலங்கை வானொலி. 1949இல் றேடியோ சிலோன் என்று பெயர் பெற்று, 1967இல் கூட்டுத்தாபனமானது. அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுக்காமல் இருந்த ஐம்பதுகளின் தொடக்கத்தில், இந்தியா முழுவதும் கொழும்பு நிலையத்தைத்தான் திருப்பிக் கேட்டது. நோன்பு காலத்தில் நாங்கள் நோன்பு திறந்ததும் முஸ்லிம் சேவையின் பாங்கைக் கேட்டுத்தான். நேயர் விருப்பத்துக்கு என் ராத்தா தபாலட்டை எழுதுவா. ஆனால் காக்காவின் பெயரில்தான் எழுதுவா. வானொலியில் ஊர்ப் பெயரோடு காக்காவின் பெயர் வாசிக்கப்படும். ராத்தா அடுப்படியில் இருந்து சந்தோஷப்படுவா.

என் வாப்பா மருதமுனைக் கைத்தறிச் சாரன்களைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்றவர். திரும்பி வரும்போது ஒரு றெக்கோட் வாங்கி, மட்டக்களப்பு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். பற்றரியில் ஓடும் சின்னப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. உம்மா இந்தக் கல்லூரியில் படித்தவர். பெரியபிள்ளை ஆனதும் படிப்பை நிறுத்தி வீட்டில் இருத்திவிட்டார்கள். கடைக்குப் போய்த் தட்டு தெரிவுசெய்ய உம்மாவுக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. வாப்பா கொண்டு வந்ததில் தனக்குப் பிடித்ததைத் தெரிந்துகொண்டா, அவ்வளவுதான்.

உம்மாவுக்குப் பிடித்தது நாகூர் ஈ. எம். ஹனீபாவின் ஒரு சிறிய தட்டு. அவரை அறியாத முஸ்லிம் வீடு நம் பக்கத்தில் இல்லை. 1961இல் வந்த பாவ மன்னிப்பு படத்தில் டி. எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடியவரும் அவர்தான். அந்தத் தட்டின் இரண்டு பக்கத்தையும் உம்மா மாறி மாறிப் போடுவா.

எனக்கு எட்டு வயதிருக்கும். உம்மா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து நானே பெட்டியைத் திறந்து தட்டைப் போட்டேன். உம்மா வரும் சத்தம் கேட்டுப் பயத்தில் ஊசியை இழுத்தேன். குறுக்கே ஒரு கீறல் விழுந்துவிட்டது. உறைக்குள் வைத்து மூடிவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல இருந்தேன். அன்று பின்னேரம் உம்மா அந்தப் பக்கத்தைப் போட்டா. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. உம்மா ஊசியைத் தூக்கித் தட்டைப் பார்த்தா. பிறகு மறுபக்கத்தைப் போட்டா. அதற்குப் பிறகு கீறல் விழுந்த பக்கத்தை அவ போடவே இல்லை. யார் கீறினது என்று கேட்கவும் இல்லை. நானும் சொல்லவில்லை.

அதன் பின்னர் கசட் வந்தது; தட்டுகள் கட்டிலுக்குக் கீழே போயின. 1978 சூறாவளியில் தப்பியவை 2004 டிசம்பர் 26இல் கடலோடு போயின. அல்ஹம்துலில்லாஹ், உம்மா தப்பினா. இழந்த மனிதர்களுக்கு முன்னால் ஒரு றெக்கோட் பெட்டியைப் பற்றிப் பேச யாருக்கு மனம் வரும்? நாங்களும் பேசவில்லை.

ஆசிரியத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தேடத் தொடங்கினேன். கொழும்புக்குப் போகும்போதெல்லாம் மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் குந்தியிருந்து கிளறுவேன். அந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்கிறேன். உறையின் அழகைப் பார்த்து வாங்காதீர்கள். தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்துக்குச் சரித்துப் பாருங்கள், கீறல் தெரியும். உறைக்குள் வேறு தட்டு இருக்கலாம், லேபலை வாசியுங்கள். நம் கடற்கரை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்; வைனல் என்றால் லேபல் நனையாமல் மெல்லிய சவர்க்காரத் தண்ணீரால் துடைக்கலாம். அரக்குத் தட்டில் மட்டும் ஸ்பிரிற் படக் கூடாது, கரைந்துவிடும். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். பழைய கிராமபோனின் இரும்பு ஊசியில் வைனலைப் போட்டால் அன்றோடு அது சரி.

2012இல் ஒரு கடையில் நான்கு தட்டுகளை 800 ரூபாவுக்குப் பேசி வாங்கினேன். மூன்று தட்டுகள் எனக்குத் தேவையே இல்லாதவை. நான்காவது, உம்மாவின் அதே தட்டு. உறை இல்லை. இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மகன் வாங்கித் தந்த பிளேயரில் போட்டேன். முதலில் நாங்கள் கேட்டுப் பழகிய பக்கம். உம்மா தஸ்பீஹைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தா. பிறகு திருப்பிப் போட்டேன். கிட்டத்தட்ட 45 வருடம் அவ கேட்காத பக்கம். முதல் அடி முடியுமுன் உம்மா கூடவே படித்தா. ஒரு சொல்லும் பிசகவில்லை.

"இந்தப் பக்கந்தான் புள்ள எனக்கு விருப்பம்" என்றா.

நான் கீறியதைச் சொல்ல வாயெடுத்தேன். "அது எனக்கு அண்டைக்கே தெரியும். நான் ஏசியிருந்தா நீ பொறகு அந்தப் பொட்டிக்குக் கிட்டயும் வந்திருக்க மாட்டாய்" என்றா.

இரண்டு வருடத்தின் பின் உம்மா மௌத்தானா. தனக்கு விருப்பமான பக்கத்தைப் பிள்ளைக்காக அத்தனை வருடம் போடாமல் இருந்திருக்கிறா என்பது, 200 ரூபாத் தட்டொன்று கிடைத்திராவிட்டால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத்தான் தேடத் தொடங்கினேன். இப்போது ஒவ்வொரு தட்டையும் எடுக்கும்போது இதை யார் கேட்டிருப்பார்கள், எந்தப் பக்கம் அவர்களுக்குப் பிடித்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

தோழிகளே, உங்கள் வீடுகளிலும் கட்டிலுக்குக் கீழோ பரணிலோ ஒன்றிரண்டு தட்டுகள் இருக்கலாம். பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க முன்னர், லேபலில் உள்ள இலக்கத்தையும் பாடியவரின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில், வீட்டில் யார் அதை வாங்கினார், யார் கேட்டார் என்றும் எழுதுங்கள். உம்மாவோ மூத்தம்மாவோ இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள். இந்தக் கல்லூரியின் நூறு வருடங்களில், படிப்பை இடையில் விட்டுப்போன பெண்களின் பெயர்கள் இடாப்பில் இருக்கின்றன. அவர்கள் எதை விரும்பினார்கள் என்பது அந்த இடாப்பில் இல்லை.

உம்மாவின் தட்டை இன்று கல்லூரி நூலகத்துக்குக் கொடுக்கிறேன். நூலகப் பொறுப்பாசிரியையிடம் ஒரு வேண்டுகோள்: போடும்போது இரண்டு பக்கத்தையும் போடுங்கள்.