பரிபாகம் அறிபவர் யார்?

(திருவொற்றியூர் மாசிப் பெருவிழாச் சொற்பொழிவு)



தியாகேசப் பெருமானின் மாசிப் பெருவிழாவில் மகிழடிச் சேவை கண்ட மகிழ்ச்சியோடு இங்கே கூடியிருக்கின்றீர்கள். நம்பியாரூரர் சங்கிலியாரிடம் பிரியேன் என்று சூளுரைத்தது இத்தலத்தில்; அச்சூளுறவு பிழைத்து இவ்வூர் எல்லையைக் கடந்தபோது இரு கண்ணும் ஒளியிழந்து நின்றதும் இங்கேதான். ஆதலின் இன்று கண்ணைப் பற்றிப் பேச எண்ணினோம். பெருமை பேசுதற்கன்று, நாம் செய்த பிழையொன்றைப் பெருமான் திருமுன்னர் ஒப்புக்கொள்ளுதற்கே.

சித்தாந்த நூலோர் ஆணவ மலத்துக்குக் காட்டும் உவமைகளுள் கண்ணிற் படரும் படலமும் ஒன்று. படலம் என்பது ஒரு பொருள். 'நம் கண்ணில் இருப்பது படலம்' என்று அறிந்துகொண்ட அளவில் அது நீங்கிவிடாது. மருத்துவன் கை தொட்டே நீங்க வேண்டும். அவ்வாறே மலமும் பொருளாதலின், வெற்றறிவால் நீங்காது, குருவருளால் வாய்க்கும் தீக்கையாலேயே நீங்கும் என்பது ஆகமம் வல்லார் துணிபு. இவ்வுவமையை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊர்தோறும் விரித்துரைத்து வந்தோம். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். சொன்ன நாம் மட்டும் அதனைக் கேட்கவில்லை.

2018ஆம் ஆண்டளவில் நம் கண்கள் மங்கத் தொடங்கின. விளக்கைச் சுற்றி வளையம் தோன்றிற்று. எதிரே வரும் வண்டியின் ஒளி சிதறிக் கண் கூசிற்று. அச்சுக் கூடத்தாரை நொந்துகொண்டோம். மின் விளக்கைக் குறை கூறினோம். பிறகு இது புரை என்று நாமே முடிவு செய்தோம். அம்முடிவு பொய்யன்று. கண்ணின் கருமணிக்குப் பின்னே பளிங்கு போன்றதொரு வில்லையை இறைவன் அமைத்திருக்கின்றான். முதுமையில் அதிலுள்ள புரதம் திரிந்து வில்லை கலங்குகின்றது. அக்கலக்கமே புரை.

அன்பர் சிலர், "ஐயா, மருத்துவரைப் பார்க்கலாகாதா?" என்றனர். நாம் சொன்ன விடையைக் கேளுங்கள்: "மலபரிபாகம் வந்தபின் அன்றோ சத்திநிபாதம்? புரையும் முற்றட்டும், பிறகு பார்ப்போம்." அவர்கள் நகைத்து மகிழ்ந்தனர். நமக்கும் நம் சொல் இனித்தது. உள்ளே இருந்தது அச்சம் என்பதை அவர்கள் அறியார்.

அவ்வச்சத்துக்கும் காரணம் உண்டு. நமக்குத் திருமுறை பயிற்றுவித்த ஆசிரியருக்கு 1974இல் கண் அறுவை நடந்தது. அக்காலத்தில் கலங்கிய வில்லையை முழுவதுமாக எடுத்துவிடுவர். மாற்று வில்லை வைப்பது இங்கே பரவியிராத காலம். தலையின் இருபுறமும் மணல் மூட்டை வைத்து அசையாமற் கிடக்கச் செய்தனர். பின்னர்த் தடித்த கண்ணாடி ஒன்று தந்தனர். அதன் வழியே எல்லாம் பெரிதாகவும் அண்மையிலும் தோன்றும். படியில் கால் வைக்கத் தடுமாறுவார். அக்காட்சி நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

புத்தகம் படிக்க இயலாமற் போனபின் நினைவாற்றலை நம்பினோம். இளமையில் மனப்பாடம் செய்த திருமுறை கைகொடுத்தது. புத்தகத்தை விரித்து வைத்து, படிப்பவர்போல் ஏடு புரட்டி, நெஞ்சிலிருந்தே பாடுவோம். அவையில் எவரும் அறியவில்லை. அறிந்தவன் நம்மிடம் பாடம் கேட்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். ஒருநாள் அவன், "ஐயா, இரண்டு ஏடுகளைச் சேர்த்துப் புரட்டிவிட்டீர்கள், ஆனால் பாட்டு மட்டும் மாறாமல் வருகிறதே!" என்றான். வியந்துதான் கேட்டான். நமக்கோ திருட்டுப் பிடிபட்டாற் போல் இருந்தது. அன்றிரவே மகளிடம் உண்மையைச் சொன்னோம். மறுநாள் அவள் நம்மை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். அது 2022ஆம் ஆண்டு.

மருத்துவர் பெண்மணி, நம் மகளினும் இளையவர். கண்ணின் அழுத்தத்தை அளந்தார்; பின்புற நரம்பைப் பார்த்தார்; சிறு ஒளிப்புள்ளிகளைக் காட்டிப் பார்வையின் பரப்பைச் சோதித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஐயா, புரையை எடுத்துவிடலாம். அது எளிது. ஆனால் இடக்கண்ணில் அழுத்த நோயும் இருக்கிறது. நரம்பு பெரிதும் தேய்ந்துவிட்டது. போன பார்வையை எவராலும் மீட்க முடியாது. இருப்பதைக் காக்கலாம். சில ஆண்டுகள் முன்னரே வந்திருக்கலாமே?"

அன்பர்களே, கண்நீர் அழுத்த நோயாகிய கிளாக்கோமா பெரும்பாலும் வலி தராது, ஓசையின்றி வரும். பார்வையின் ஓரங்களை முதலில் கவர்ந்து நடுப்பகுதியை விட்டுவைக்கும். ஆதலின் இழப்பது நமக்கே தெரியாது. நாமோ எல்லா மங்கலையும் புரையின் கணக்கில் எழுதிவிட்டுக் காத்திருந்தோம். புரை முற்றட்டும் என்று நாம் காத்திருந்த நான்காண்டும் அதன் மறைவில் கள்வன் களவு செய்துகொண்டிருந்தான்.

வலக்கண்ணில் அறுவை நடந்தது. பஞ்சைப் பிரிக்கும் நேரந்தான். சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, ஓரத்தில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த வழி திறந்து, கேளா ஒலியலையால் புரையைக் கரைத்து உறிஞ்சி எடுத்து, சுருட்டிய செயற்கை வில்லையை உள்ளே விரித்து வைத்தனர். மாற்று வில்லையை முதன்முதல் 1949இல் இலண்டனில் பொருத்தியவர் ஹரால்டு ரிட்லி என்னும் மருத்துவர். போரில் விமானிகளின் கண்ணில் தைத்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் பகையாது ஏற்றிருந்ததைக் கண்டு அவர் துணிந்தார்.

மறுநாள் கட்டவிழ்த்தனர். எதிரே நின்ற மகளின் நெற்றியைப் பார்த்தோம். திருநீறு இத்துணை வெண்மையா! கலங்கிய வில்லை மஞ்சள் பாய்ந்து அனைத்தையும் பழுப்பாக்கியிருந்ததை அன்றுதான் உணர்ந்தோம். மலத்துட் கிடக்கும் உயிர் மலத்தின் நிறத்தையே உலகின் நிறமாக எண்ணும் என்று எத்தனை முறை பேசியிருப்போம்! கண்ணீர் வந்தது. கண்ணைத் துடைக்கலாகாது என்று மகள் கையைப் பற்றிக்கொண்டாள்.

இடக்கண்ணிலும் பின்னர்ப் புரை நீக்கினர். ஆயினும் அங்கே உலகம் சிறு சாளரத்தின் வழியே தெரிவது போலத்தான் தெரிகின்றது. அது அவ்வளவே; இனித் திரும்பாது. அதனைக் காக்க நாள்தோறும் இரவில் ஒரு சொட்டு மருந்து, வாழ்நாள் முழுதும். நம் இடப்புறம் வரும் அன்பர்கள்மீது நாம் மோதிவிட்டால் பொறுத்தருளுங்கள்.

இப்போது நம்பியாரூரரை எண்ணிப் பாருங்கள். அவர் துன்பத்தை மறைத்தாரல்லர். இங்கிருந்து தடுமாறி நடந்தார். திருவெண்பாக்கத்தில் முறையிட்டார், கிடைத்தது ஊன்றுகோல். அதனையும் ஏற்று நடந்தார். கச்சியில் இடக்கண் பெற்றார். அதனோடு அமையாது, திருவாரூர் சென்று மற்றைக் கண்ணும் வேண்டிப் பெற்றார். கண்ணிலேன் என்பதைத் தலந்தோறும் வாய்விட்டுச் சொல்லி, ஊன்றுகோலை வெட்கமின்றி வாங்கிக்கொண்டவர் தம்பிரான் தோழர். அவர் பதிகத்தைப் பாடிய நாமோ கண்ணிலாமையை ஏட்டின் பின்னே ஒளித்தோம்.

பரிபாகம் பற்றி நாம் பேசியதும் பிழையே. மலம் பக்குவமாயிற்றா என்று காண்பவர் குரு. மாணாக்கன் தானே தன் பக்குவத்தை அளந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. அதுபோலப் புரை முற்றிற்றா, உடன் வேறு நோய் உண்டா என்று காண்பவர் மருத்துவர். இன்று புரை முழுதும் முற்றக் காத்திருக்க வேண்டுவதில்லை என்பதும், மிக முற்றினால் அறுவை கடினமாகும் என்பதும் அவர்கள் சொல்லி அறிந்தோம்.

ஆதலின் ஒன்று வேண்டுகிறோம். நாற்பது கடந்தவர்கள் கண்ணைக் காட்டுங்கள். அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவு உடையார் ஆண்டுதோறும் விழித்திரையைக் காட்டுங்கள். அழுத்த நோய் குடும்பத்தில் தொடர்வதுண்டு. நம் தம்பியைச் சோதித்தபோது அவருக்கும் தொடக்க நிலையில் இருந்தது. காலத்தே கண்டமையால் அவர் கண் பிழைத்தது. நம் இடக்கண்ணுக்குக் கிடைத்த பயன் அது என்று ஆறுதல் கொள்கிறோம்.

அச்சிறுவன் இன்று இவ்வவையில் முன்வரிசையில் இருக்கின்றான். இப்போது நாம் பாடப்போகும் பதிகத்தை ஏட்டைப் பார்த்தே பாடுவோம். ஏடு தவறினால் அவன் சொல்வான்.

திருச்சிற்றம்பலம்.