கணினியும் ஓர் அமானிதமே

(பொன்விழா உறுப்பினர் ஒன்றுகூடலில் தகவல் தொழில்நுட்பத் துணைக்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நிகழ்ச்சி நிரலில் எங்களுக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, சங்கத்தின் கணினி மற்றும் தகவல் தொடர்பு மேம்பாடு. மதியப் பிரியாணிக்குச் சற்று முன்னால் இப்படியொரு தலைப்பில் பேசுவது எவ்வளவு ஆபத்தானது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் வாங்கிய கருவிகளின் பட்டியலை இங்கே வாசிக்கப் போவதில்லை. இந்த வேலையை நாங்கள் ஏன் தொடங்கினோம் என்பதைச் சொல்கிறோம். அது ஒரு ஜனாஸாவில் தொடங்கியது.

நம் சங்கத்தின் கணினி வேலைகளைப் பல ஆண்டுகளாக ஒரே சகோதரர் கவனித்து வந்தார். இங்கே அவர் பெயரைச் சொல்லவில்லை; உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பகலில் வேலை, மாலையில் சங்கம். உறுப்பினர் பட்டியல், சந்தாக் கணக்கு, மின்னஞ்சல், இணையத்தளம், வாட்ஸ்அப் அறிவிப்பு எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. ஒரு காசு வாங்கியதில்லை. செயற்குழுவில் கணினி பற்றிய பேச்சு வந்தாலே, "அவர் பார்த்துக்கொள்வார்" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம். ஒரு நாள் பஜ்ருக்கு முன் அவர் வஃபாத்தானார்.

நல்லடக்கத்தைத் தாமதிக்காதது நம் மார்க்க வழக்கம். விடியற்காலையில் மவுத்து என்றால், ளுஹருக்குப் பின் தொழுகை, அன்று மாலைக்குள் புசாரா அமானில் அடக்கம். செய்தி சொல்லக் கிடைப்பது சில மணி நேரம்தான். அந்தச் சில மணி நேரத்தில்தான் எங்களுக்கு ஒன்று உறைத்தது: ஜனாஸாச் செய்தி அனுப்பும் பட்டியல் அவருடைய கைப்பேசியில் மட்டும் இருந்தது. கைப்பேசி பூட்டியிருந்தது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகளிடம் போய் மறைச்சொல் கேட்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. ஆளுக்குத் தெரிந்தவர்களை அழைத்தோம். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களை அழைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், கூட்டம் வந்தது. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தோம்.

நான்கு நாள் கழித்து ஒரு பெரியவர் சந்தா கட்ட அலுவலகத்துக்கு வந்தார். "தம்பி எங்கே? அவர்கிட்டயே கொடுத்துடுறேன்" என்றார். எங்களுக்கு வாய் வரவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்ப்பா, எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கக் கூடாதா? மண் போட வந்திருப்பேனே" என்றார்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஜனாஸாவைப் பின்தொடர்வதும் ஒன்று. அந்தக் கடமையைச் செய்ய அந்தப் பெரியவர் தயாராக இருந்தார். நம் சங்கத்தின் ஏற்பாடுதான் அவரை வரவிடாமல் செய்தது.

சங்கத்தின் தொடக்க காலத்தில் இப்படி நடந்ததில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்போது வட்டாரத்துக்கு ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பாராம். மவுத்து என்றால் இரண்டு பேர் புறப்பட்டு, கடை கடையாக, புளோக் புளோக்காகச் செய்தி சொல்வார்களாம். பிறகு நாம் பிடோக், ஜூரோங், உட்லண்ட்ஸ் என்று பிரிந்து போனோம். தொலைபேசி வந்தது, கணினி வந்தது, கைப்பேசி வந்தது. வசதி கூடக் கூட, பலர் கையில் இருந்த பட்டியல் ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. அதை யாரும் திட்டமிடவில்லை. அவர் நல்லவர், திறமையானவர். அதனால் நாம் எல்லாரும் கையை விட்டுவிட்டோம்.

இதற்குப் பிறகுதான் செயற்குழு எங்கள் துணைக்குழுவை அமைத்தது. நாங்கள் செய்த முதல் வேலையே தவறு என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். புதுக் கணினிகள், புது சர்வர், புது இணைப்பு என்று ஒரு நிறுவனத்திடம் விலைப்பட்டியல் வாங்கி உறுப்பினர் கூட்டத்தில் வைத்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு தாயார் எழுந்து, "இதெல்லாம் வாங்கினா மவுத்துச் செய்தி எல்லார் வீட்டுக்கும் வந்துடுமா?" என்று கேட்டார். வராது. அந்த விலைப்பட்டியலை மடித்து வைத்தோம். முதலில் நம்மிடம் என்ன இருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது என்று கணக்கெடுத்தோம்.

கணக்கெடுத்தபோது தெரிந்தவை இவை. சங்கத்தின் மின்னஞ்சலும் இணையத்தள முகவரியும் தனிப்பட்ட பெயரில் இருந்தன. மறைச்சொல்லை மாற்றப் போனால், அதற்கான குறியீடு மறைந்த சகோதரரின் எண்ணுக்கே போயிற்று. குடும்பத்தார் பெரிய மனதோடு உதவியதால்தான் ஒவ்வொன்றையும் மீட்டோம். அலுவலகக் கணினிகளில் ஒன்று விண்டோஸ் 7, மற்றவை விண்டோஸ் 10. முதலாவதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியே முடிந்துவிட்டது. இரண்டாவதற்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. ஆதரவு முடிந்தால் கணினி உடனே நின்றுவிடாது. ஆனால் புதிய ஓட்டைகள் தெரியவரும்போது அடைக்க ஆள் வராது. அந்தக் கணினியில்தான் நம் சந்தாக் கணக்கு இருந்தது. வைஃபை மறைச்சொல் சுவரில் ஒட்டியிருந்தது. டியூஷனுக்கு வரும் பிள்ளைகளும் பொருளாளரும் ஒரே இணைப்பில்தான் இருந்தார்கள்.

இரும்பு அலமாரியைத் திறந்தால், பழைய உறுப்பினர் படிவங்களோடு அடையாள அட்டை நகல்கள் கட்டுக்கட்டாக இருந்தன. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன; நம்மைப் போன்ற சங்கங்களுக்கும் அவை பொருந்தும். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவைப்பட்டாலோ ஒருவரை மிகத் துல்லியமாக அடையாளம் காண வேண்டியிருந்தாலோ தவிர, அடையாள அட்டை எண்ணையோ நகலையோ வாங்கி வைக்கக் கூடாது. நாம் வாங்கி அடுக்கிவிட்டு மறந்துபோயிருந்தோம். அவற்றோடு கல்வி உதவி விண்ணப்பங்களும் இருந்தன. எந்த வீட்டில் தந்தைக்கு வேலை போயிற்று, எந்தத் தாயார் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிறார் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. மானத்தைக் கருதி, யாருக்கும் தெரியாது என்று நம்பி எழுதியவர்கள் அவர்கள். அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தபோதுதான் அமானிதம் என்ற சொல்லின் கனம் எங்களுக்குப் புரிந்தது.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு நான்காம் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். குர்ஆனின் மிக நீண்ட வசனம், இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதிவை, சாட்சி வை, உரியவரிடம் ஒப்படை. எங்கள் மேம்பாட்டுத் திட்டம் முழுவதையும் இந்த மூன்றில் அடக்கிவிடலாம்.

முதலில் கணக்குகளைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றினோம். இணையத்தள முகவரி இப்போது சங்கத்தின் பெயரில் இருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருக்குப் பதவியின் பெயரில் மின்னஞ்சல். ஆள் மாறினாலும் முகவரி மாறாது. ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு பொறுப்பாளர்கள். மறைச்சொற்கள் ஒரு மறைச்சொல் பெட்டகச் செயலியில் இருக்கின்றன. அதைத் திறக்கும் சொல் முத்திரையிட்ட உறையில் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு பொருளாளரும் அடுத்தவரிடம் ரொக்கக் கணக்குப் புத்தகத்தை எண்ணி ஒப்படைத்து வந்திருக்கிறார். இனி ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் பின் கணக்குகளின் பட்டியலும் அதே போல் கையெழுத்தோடு ஒப்படைக்கப்படும், மறைச்சொற்கள் மாற்றப்படும்.

அடுத்து உறுப்பினர் பட்டியல். இதில்தான் மாதக்கணக்கில் உட்கார்ந்தோம். முஹம்மது, முகம்மது, முகமது என்று ஒரே பெயர் மூன்று விதமாக இருக்கும். ஆங்கிலத்தில் இன்னும் பல விதம். ஒருவரே மூன்று இடத்தில் இருந்தார். தந்தையும் மகனும் ஒரே வரியில் இருந்தார்கள். அதைவிட முக்கியம், அடையாள அட்டைப் பெயரால் நாம் யாரையும் அழைப்பதில்லை. கடைப்பெயர், வீட்டுப்பெயர், செல்லப்பெயர் இவற்றால்தான் நமக்கு ஆளைத் தெரியும். அதனால் புதுப் பட்டியலில் "வழங்கும் பெயர்" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். ஜனாஸா அறிவிப்பில் இப்போது இரண்டு பெயரும் வரும். தேவையில்லாத அடையாள அட்டை நகல்களை இரண்டு பேர் முன்னிலையில் துண்டுதுண்டாக்கி அழித்தோம். உதவி விண்ணப்பங்களைப் பார்க்க மூவருக்கு மட்டுமே அனுமதி. சட்டப்படி ஒரு தகவல் பாதுகாப்பு அதிகாரியையும் நியமித்திருக்கிறோம்.

பழைய கூட்டக் குறிப்புகளில் இன்னொரு சிக்கல். 1990களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளைப் புதுக் கணினியில் திறந்தால் வெறும் குறிகளாக வந்தன. அக்காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை. 1997இல் இதே சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோது பேசப்பட்ட சிக்கல்களில் அதுவும் ஒன்று. இப்போது யூனிகோடு இருக்கிறது. மாற்றி மென்பொருளால் கோப்புகளை மாற்றினோம்; மாற்றத்தில் உடைந்த எழுத்துகளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களான நம் சகோதரிகள் வரி வரியாகத் திருத்தித் தந்தார்கள். இவற்றுக்கெல்லாம் இப்போது மூன்று படிகள் உண்டு: ஒன்று அலுவலகத்தில், ஒன்று தனி வட்டில், ஒன்று வேறோர் இடத்தில். மாதம் ஒருமுறை ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத படி இருந்தும் பயனில்லை.

கருவிகளைக் கடைசியாகத்தான் வாங்கினோம். மடித்து வைத்த விலைப்பட்டியலில் இருந்ததில் சர்வர் தேவைப்படவே இல்லை. பழைய கணினிகளை மாற்றினோம். வைஃபையை இரண்டாகப் பிரித்து, விருந்தினருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என ஆக்கினோம்.

இனி, அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறோம். சங்கத்துக்கென்று புதுக் கைப்பேசி எண் வாங்கி, ஒரு நோன்புக் கஞ்சி அறிவிப்பை வாட்ஸ்அப் மொத்த அறிவிப்பாக அனுப்பிச் சோதித்தோம். பாதிப் பேருக்கு மேல் போகவே இல்லை. அனுப்புபவரின் எண்ணைத் தன் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்த அறிவிப்பு சேரும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். அது தெரியாமல் இத்தனை காலம் இருந்திருக்கிறோம். அப்போது ஓர் இளைஞர் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது: எல்லாருக்கும் மனப்பாடமான நம் அலுவலகத் தொலைபேசி எண்ணையே வாட்ஸ்அப் பிசினஸில் பதியலாம் என்றார். பதிந்தோம். உங்களில் பலரிடம் அந்த எண் ஏற்கெனவே இருந்தது.

அதோடு நிறுத்தவில்லை. வாட்ஸ்அப் இல்லாத பெரியவர்கள் இருக்கிறார்கள். இருந்தும் பார்க்காதவர்கள் அதைவிட அதிகம். அதனால் பழைய நோட்டுப் புத்தக முறையை மீண்டும் கொண்டுவந்தோம். பத்துக் குடும்பங்களுக்கு ஒரு தொண்டூழியர். ஜனாஸாச் செய்தி வந்ததும் தன் பத்து வீட்டுக்கும் அவரே அழைத்துப் பேசுவார். எடுக்காத வீட்டைக் குறித்துவைத்து மீண்டும் அழைப்பார். அதன்பின் வந்த ஜனாஸாக்களில் இந்த முறை வேலை செய்திருக்கிறது. அன்று நாற்காலியில் உட்கார்ந்த அந்தப் பெரியவர் வீட்டுக்கு இப்போது முதல் அழைப்பு போகிறது.

சனிக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்தில் உதவி மேசை ஒன்றும் நடக்கிறது. சிங்பாஸ், பேநவ், எழுத்தைப் பெரிதாக்குவது என எதுவானாலும் இளைஞர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார்கள். உங்கள் விரல்தான் அழுத்த வேண்டும். மறைச்சொல்லை அவர்கள் கேட்க மாட்டார்கள். சங்கத்தின் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். பேநவில் பணம் போகுமுன் பெறுபவரின் பெயர் தெரியும். சங்கத்தின் பெயர் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழையுங்கள். நம் அலுவலகத்தையும் அழையுங்கள்.

முடிக்குமுன் மூன்று வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் அலுவலக எண் உங்கள் கைப்பேசியில் இருக்கிறதா என்று பாருங்கள். முகவரியோ எண்ணோ மாறினால் சொல்லுங்கள். மூன்றாவதாக, உங்கள் சொந்த வீட்டில், நீங்கள் இல்லாத நாளில் யாருக்கெல்லாம் செய்தி சொல்ல வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி, அது இருக்கும் இடத்தைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். பேச விரும்பாத விஷயம்தான். ஆனால் உங்களோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர் மண் போட வர ஆசைப்படுவார்.

எங்கள் துணைக்குழுவின் பதவிக் காலம் அடுத்த பொதுக்கூட்டத்தோடு முடிகிறது. வருகிறவர்களிடம் ஒப்படைக்கப் பட்டியல் தயாராக இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் தனியாளாக இந்தச் சுமையைச் சுமந்த நம் சகோதரரின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவருடைய கப்ரை விசாலமாக்கி வைப்பானாக. அவரைத் தனியாகச் சுமக்கவிட்ட நம் அனைவரையும் மன்னிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.